ஆரணிக்குப் பட்டணம் காட்டிய நாள்

“முதல்லை நான் சொல்லுறதைக் கேளும் பத்மா, பிள்ளை அங்கை வந்தாளெண்டால்…” “மூண்டு நாளாக் கேட்டுக்கொண்டுதானே மச்சாள் இருக்கிறன், தெகிவளை யானை, தெகிவளைக் கரடி, தெகிவளைக் குரங்கு…” “இப்ப ஆர் யானையைக் கதைச்சது, நான் பள்ளிக்கூடத்தைச் சொல்லுறன்…” “பள்ளிக்கூடம் இஞ்சையும் இருக்கு…” “இருக்கு, ஓம், அதுக்குக் கூரை இருக்கோ?” “போன மாசம் போட்டாச்சு!” என்று பத்மாசினி சொன்னது வான் வண்டி முழுவதற்கும் கேட்டுவிட்டது, முன்சீற்றில் மடியில் கோழியோடு இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார், கோழியும் பார்த்தது, சாரதி மட்டும் திரும்பவில்லை, மண்ணெண்ணெயில் ஓடுகிற அந்த எஞ்சின் கைதடிச் சந்தியில் நின்றுபோகாமல் கடக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவனுக்கு யோசனை… என்ன இது, சந்தையில் மீனுக்கு வாதாடுகிற மாதிரி, பத்துப் பேருக்கு நடுவில், அதுவும் புருசனின் அக்காவோடு, தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்த மனுசியோடு… பத்மாசினி சேலைத் தலைப்பை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள், புகைக்கு என்று மற்றவர்கள் நினைக்கட்டும். பக்கத்தில் பாலேஸ்வரி மச்சாள் தோற்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பைக்குள் ஒரு படிவம், அதில் எல்லாம் நிரப்பியாயிற்று, ஆரணி தேவராசா, வயது ஏழு, போகுமிடம் கொழும்பு, போகும் காரணம் படிப்பு, கூட்டிச் செல்பவர் தகப்பனின் சகோதரி, தாயின் கையெழுத்து என்ற இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. பட்டணத்தில் குடாநாட்டை விட்டுப் போகப் பாஸ் எழுதிக் கொடுக்கிற கந்தோரை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், நாளை மறுநாள் மச்சாள் கிளாலிக் கடலால் படகில் திரும்பிப் போகிறார், போகும்போது பக்கத்தில் ஆரணி இருப்பாளா இல்லையா என்பது அந்தப் புள்ளிக்கோட்டில் நிற்கிறது… இதெல்லாம் தெரியாதவள் மாதிரி ஆரணி யன்னலோரமாக இருந்து தம்பிக்குக் கொக்கு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள், அங்கை ஒண்டு, அங்கை ரெண்டு, சேந்தா, அது கொக்கில்லையடா, கடதாசி.

யார் இந்த யோசனையை முதலில் சொன்னது, மச்சாளா, தானா, நினைத்துப் பார்த்தால் இருவரும்தான், ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்து இறங்கியபோது வீட்டில் எவ்வளவு சந்தோசம், ஐந்து வருசத்துக்குப் பிறகு வருகிறார், சண்டை நிறுத்தி ஆறு கிழமை, வானத்தில் ஒன்றும் இரையவில்லை, முற்றத்தில் பாய் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவிடலாம் என்கிற அளவுக்குத் துணிச்சல் வந்திருந்தது, மச்சாளின் பெட்டிக்குள்ளிருந்து சவர்க்காரம் வந்தது, றேடியோவுக்குப் போடுகிற பற்றி வந்தது, இரண்டு சோடிச் சப்பாத்து வந்தது, கடைசியாக ஒரு கட்டுப் படத் தபாலட்டைகள் வந்தன. அங்கேதான் தொடங்கியது. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் ஒரு முக்காலியில் நாலு காலையும் வைத்து நிற்கிற யானை, கோல்பேஸ் கடற்கரையில் பட்டம், வெள்ளை மாளிகை மாதிரி நூதனசாலை, “இதுக்குள்ளை லிப்ற் எண்டு ஒண்டு இருக்குக் குஞ்சு, பெட்டிக்குள்ளை நீ நிண்டால் காணும், அது உன்னைத் தூக்கிக்கொண்டு மேலை போகும்,” என்றார் மச்சாள், ஆரணி அந்தப் படங்களைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். அடுத்த நாள் மச்சாள் மெல்லச் சொன்னார், எங்களுக்குத்தான் பிள்ளையில்லை, பிள்ளை எங்களோடை இருந்து படிக்கட்டுமன், சண்டை நிண்டிருக்கேக்கைதான் பாதை, பேந்து ஆர் கண்டது… இவர் என்ன சொன்னார்? ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற மனுசன், நாள் முழுக்க ஒரு வேளைக்கு எத்தனை குளிசை என்று மற்றவர்களுக்கு அளந்து சொல்கிறவர், வீட்டில் ஒரு சொல் அளந்து சொல்லத் தெரியவில்லை, “நீ பெத்தனீ, நீ யோசி,” என்றுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் மச்சாள், “அப்ப பிள்ளையையே கேப்பம், அவளுக்கு எங்கை விருப்பமோ அங்கை,” என்றார், அந்த ஆத்திரத்தில் தானும், “ஓம், கேப்பம், ஆனால் கொழும்பை மட்டும் காட்டிப்போட்டுக் கேக்கிறது ஞாயமே, யாழ்ப்பாணத்தை ஆர் காட்டுறது, ஒரு நாள் ரவுணைச் சுத்திக் காட்டிப்போட்டுக் கேப்பம்,” என்றுவிட்டாள். ஆத்திரத்தில் சொன்ன சொல் இப்போது வானில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.

காட்ட என்ன இருக்கிறது? நேற்று அரிசி புடைக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள், நூலகம், எரிந்தது, கூரையில்லை, கோட்டை, அந்தப் பக்கமே கற்குவியல், றெயில்வே ஸ்ரேசன், மேடை இருக்கிறது, தண்டவாளம் இல்லை, தண்டவாளம் இல்லாத ஸ்ரேசனைப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது, இந்த இடத்தில் ஒன்று வரும் பிள்ளை, வந்து நிற்கும், பிறகு போகும், எது அம்மா, நாளைக்குச் சொல்லுறன்… எண்ணிக்கொண்டே போக கல்லைச் சுளகில் விட்டு அரிசியைப் பொறுக்கி எறிந்திருக்கிறாள். தனக்கும் அப்போது ஏழு வயதுதான், அப்பா கொழும்பு காட்டக் கூட்டிக்கொண்டு போனார், தெகிவளைக்கும் போனது, யானை ஆடியதாம், அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா, நீ கைதட்டினனீயடி என்று, தனக்கோ யானை ஞாபகமே இல்லை, ஞாபகம் இருப்பது அப்பாவின் கழுத்து, சனத்துக்குள் தூக்கி வைத்திருந்தபோது அந்தக் கழுத்தில் வியர்வையும் திருநீறும் சேர்ந்து சேறாகி இருந்தது, அதில் விரலால் கோடு கீறிக்கொண்டே வந்தது… அவ்வளவு தூரம் றெயிலில் போய் அப்பாவின் கழுத்தையா பார்த்துவிட்டு வந்தாள்? ஆரணிக்கு எது நிற்கும், எது போகும், யாருக்குத் தெரியும், முக்காலியில் நிற்கிற யானையா, கோழியோடு திரும்பிப் பார்த்த அந்தக் கிழவரா. “செம்மணி வந்திட்டுது, இறங்கிறாக்கள் எழும்புங்கோ,” என்று நடத்துனர் தகரத்தில் தட்டினான், பத்மாசினி எழும்பிவிட்டு மறுபடி இருந்தாள், நல்லூரடியில் அல்லவா இறங்கவேண்டும், மச்சாளின் வாயோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடிப் போனது.

நல்லூரில் வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு நேரே பூங்காவுக்குப் போனார்கள், அதுதான் அவளுடைய துருப்பு, சந்தையில் கேள்விப்பட்டு மூன்று நாளாக மனதுக்குள் ஒளித்து வைத்திருந்தது, அங்கே ஒரு மலை கட்டியிருக்கிறார்கள். மலை! இந்த மண்ணில் யார் மலை கண்டது, ஒரு தென்னையில் ஏறினால் அடுத்த ஊர்க் கோயில் தெரிகிற தரை, ஆரணியின் புத்தகத்தில் மலையும் ஆறும் படமாக மட்டும் இருக்கின்றன, இங்கே சீமெந்தால், இரண்டு மாடி உயரத்துக்கு, மண்ணிறமும் பச்சையும் பூசி, ஏறப் படி, நடுவில் ஒரு குகை, அந்தப் பக்கம் கயிற்றுப் பாலம், ஓர் ஓரத்தில் தண்ணீர் விழுகிற பள்ளம், தண்ணீர் இன்று இல்லை, “ஞாயிற்றுக்கிழமைதான் பம்பு போட்டுத் தண்ணி விடுவம்,” என்றார் காவலுக்கு நின்ற நாகலிங்கம் என்ற மனிதர், மச்சாளின் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு, “கொழும்பு ஆக்கள்போலை,” என்றும் சேர்த்துக்கொண்டார். ஆரணி அண்ணாந்து பார்த்தாள், “மலை எண்டால் உதுதானோ அம்மா?” “ஓம் பிள்ளை.” “முகில் எங்கை?” “முகில்… மத்தியானம்தான் வரும்.” மச்சாள் வாயைத் திறந்தார், நுவரெலியா என்று ஏதோ தொடங்கினார், பிறகு தானாகவே விழுங்கிக்கொண்டார், அந்த விழுங்கலுக்காகப் பத்மாசினிக்கு மச்சாளில் திடீரென்று ஒரு பிரியம் வந்தது, எண்பத்துமூன்றுக் கலவரத்தில் உடுத்த சேலையோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய மனுசி, ஆறு மாதத்தில் திரும்பிப் போனவர், ஏன் மச்சாள் திரும்பப் போறியள் என்று அப்போது கேட்டதற்கு, “அங்கைதானே அவருக்கு வேலை, வேறை எங்கை போறது,” என்றவர், பயந்தவர் அல்ல, பொய்யும் சொல்கிறவர் அல்ல. மேலே ஏறினார்கள், மச்சாள் சேலையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு சேந்தனை மறு கையில் பிடித்து ஒவ்வொரு படியாக, உச்சியில் காற்று, பனைகளின் தலைகள், கோபுரம், வெயிலில் மினுங்குகிற தகரங்கள், ஆரணி இரண்டு கையையும் விரித்து, “அம்மா, நான் பனையளவு!” என்று கத்தினாள், பள்ளியில் வலைப்பந்து விளையாடிய காலத்து மாதிரி பத்மாசினி மனதுக்குள் புள்ளி போட்டாள், எனக்கு ஒன்று. ஆனால் இறங்கும்போது பிள்ளைகள் குகைக்குள் புகுந்தார்கள், புகுந்தவர்கள் வரவில்லை, எட்டிப் பார்த்தால் சேந்தன் மூலையில் குந்திக் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு வாயைத் திறந்தபடி இருக்கிறான், யாரும் சொல்லாமல், குண்டு விழுகிற நாட்களின் பழக்கம், ஆரணி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து நாகலிங்கத்திடம் சொன்னாள், “நல்ல பங்கர், சீமெந்து. ஆனால் பிழையாக் கட்டிப்போட்டியள். வாசல் நேரை இருக்கு. வளைச்செல்லோ வைக்கவேணும், இல்லாட்டிச் செல் வெடிச்சால் சன்னம் உள்ளை வரும்.” நாகலிங்கம் தலையைச் சொறிந்தார், “அது பங்கர் இல்லை மோனை, குகை, சிங்கம் இருக்கிறது,” “சிங்கத்துக்கும் சன்னம் படுந்தானே,” என்றாள் ஆரணி. நாகலிங்கம் சிரித்தார், பத்மாசினியும் சிரித்தாள், மச்சாள் சிரிக்கவில்லை, கைப்பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். இந்தப் புள்ளியை யாருக்குப் போடுவது?

பட்டணத்துக்கு இன்னொரு வான், அங்கே மணிக்கூட்டுக் கோபுரம், அது நிற்கிறது, பக்கத்தில் எத்தனையோ விழுந்தும் அது நிற்கிறது, அதைத்தான் சொல்லவேண்டும் என்று வழியில் யோசித்துக்கொண்டு வந்தாள், பார் பிள்ளை எவ்வளவு உயரம், வெள்ளைக்காரன் காலத்தது, என்று தொடங்கினாள், ஆரணி கேட்டது வேறு, “ஏன் அம்மா ஓடேல்லை?” “பழுதாப் போச்சு.” “பற்றி முடிஞ்சு போச்சோ?” இந்தப் பிள்ளைக்கு உலகத்தில் எது நின்றாலும் பற்றி முடிந்ததுதான், ஐந்து வருசமாகப் பற்றி வரவிடவில்லை, றேடியோ நின்றதும் அதனால்தான், இவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றுவார், டைனமோவிலிருந்து ஒரு வயர், செய்தி முடியும்வரை பிள்ளைகள் மாறி மாறிச் சுற்றுவார்கள், வேகமாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவர் தெளிவாகப் பேசுவார், களைத்தால் அவரும் களைத்துப்போவார். ஆரணி கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டாள், “அம்மா, சைக்கிள் வைச்சுச் சுத்தினால் ஓடாதோ?” “இதுக்கு ஒரு சைக்கிள் காணாது பிள்ளை.” “எத்தினை வேணும்?” “ஒரு… ஐம்பது.” “அப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து சுத்தலாம்,” என்றாள், கணக்கு முடிந்தது என்கிற மாதிரி, மச்சாள் இந்த முறை வாய்விட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தம்பியின்ரை மூளை, அப்பிடியே தம்பியின்ரை மூளை, ஏழு வயசிலை அவன் கிணத்துக்கை குடையைப் பிடிச்சுக்கொண்டு குதிச்சவன்,” என்றார், “மெய்யே மச்சாள், எனக்கு உதைச் சொல்லவேயில்லை,” “எப்பிடிச் சொல்லுவான், குடை நல்ல குடை, ஆள்தான் முறிஞ்சது,” இரண்டு பெண்களும் கோபுரத்தின் நிழலில் நின்று சிரித்தார்கள், ஒரு நிமிசம் படிவம் இல்லை, கந்தோர் இல்லை, நாலு மணி இல்லை, பட்டணம் பார்க்க வந்த ஒரு குடும்பம், அவ்வளவுதான்… இப்படியே இருந்துவிட்டால் என்ன, சண்டை இப்படியே நின்றுவிட்டால், கப்பலில் பற்றி வந்தால், கம்பிகளை மறுபடி இழுத்தால், இந்த மணிக்கூட்டை ஒருவன் ஏறித் திருத்தினால், ஏன் நடக்காது, கூரையில்லாத பள்ளிக்கூடத்துக்குப் போன மாதம் கூரை வரவில்லையா?

பிறகு கூல்பார். ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாகச் சேந்தனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தது, உள்ளே போனதும் பின்புறத்தில் ஜெனரேற்றரின் இரைச்சல், கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது, பத்மாசினி அதைக் கவனிக்கக்கூட இல்லை, கதிரைகளை இழுத்துப் பிள்ளைகளை இருத்தி, நாலு கிண்ணம் வந்து, சேந்தன் முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, “சுடுது!” என்று கத்தி, மச்சாள் அவனுக்கு ஊதிக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்து… திரும்பிப் பார்த்தால் ஆரணி கதிரையில் ஏறி நிற்கிறாள். குதிக்காலை உயர்த்தி, கழுத்தை நீட்டி, கன்னம் இரண்டும் உப்பி, அந்த மின்குமிழைப் பார்த்து ஊதுகிறாள். ஒரு தரம். அணையவில்லை. இன்னும் கிட்டப் போய், கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தரம். “என்ன பிள்ளை செய்யிறாய்?” என்றார் கடைக்கார மரியநாயகி, பருத்த சிரித்த முகம், “பகல்லை எரியுது, ஊதி நூக்க மறந்துபோனியள், எண்ணெய் முடிஞ்சு போகும்,” என்றாள் ஆரணி மூச்சு வாங்கிக்கொண்டு. கடையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை, மரியநாயகி கதிரையோடு அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சி, “என்ரை ராசாத்தி, உப்பிடி ஒரு பிள்ளை எனக்கு இருந்திருந்தால் நான் எவ்வளவு எண்ணெய் மிச்சம் பிடிச்சிருப்பன்,” என்றார், இன்னும் கொஞ்சம் ஐஸ்கிறீம் அவளுடைய கிண்ணத்தில் விழுந்தது. ஆனால் பத்மாசினிக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. வீட்டில் ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைப்பது ஆரணியின் வேலை, போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைய ஒரு சொட்டு எண்ணெய், பாடம் முடிந்தவுடன் பூ என்று ஒரே ஊதல், அதில் அவளுக்குப் பெருமை… கரண்ட் போகும்போது பிள்ளைக்கு இரண்டு வயதும் கொஞ்சமும், சேந்தன் பிறந்தபோது கரண்டே இல்லை, அதைப் பற்றி எவ்வளவு கதை சொல்லியிருக்கிறாள், சுவிச்சைத் தட்டினால் வெளிச்சம் வரும், காற்றாடி சுத்தும், மா அரைக்கும் என்று, எல்லாம் சொன்னவள் அதை ஊத வேண்டியதில்லை என்று சொல்ல மறந்துபோனாள், சொல்லவேண்டிய விசயம் என்று தோன்றவே இல்லையே, இன்னும் எத்தனை இப்படிச் சொல்லாமல் விட்டிருக்கிறாள்? மேசைக்கு அந்தப் பக்கம் மச்சாளின் மூக்கு நுனி சிவந்துவிட்டது, “பத்மா,” என்றார் மெல்ல, “இதுக்கு மேலை நான் என்ன சொல்ல,” பையிலிருந்து படிவம் வெளியே வந்தது, ஐஸ்கிறீம் கிண்ணங்களை ஒதுக்கி அதை விரித்து வைத்து மேலே ஒரு பேனையையும் வைத்தார், வெற்றி பெற்ற முகமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை, வென்ற முகமாக இருந்தால் எழும்பிப் போய்விடலாம். “அங்கை பஸ்ஸுக்கை தமிழிலை சத்தமாக் கதைக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தியள் மச்சாள்,” என்றாள் பத்மாசினி. “ஓம், சொன்னனான், பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறீரோ? மெல்லக் கதைக்கிறது பழகிடும் பத்மா, சன்னம் எப்பிடி வரும் எண்டு வாசல் பாக்கிறது, அது ஏழு வயசிலை பழகவேண்டிய விசயமே?” பத்மாசினி உருகிய ஐஸ்கிறீமைக் கரண்டியால் கிளறினாள். “சரி, கேப்பமெண்டுதானே வந்தனாங்கள், கேக்கட்டோ?” “கேளுங்கோ.” “ஆரணி, மாமியோடை கொழும்புக்கு வாறியோ குஞ்சு?” “ஓம் மாமி.” ஒரு நொடிகூட எடுக்கவில்லை, பத்மாசினிக்கும் நாக்கு விடவில்லை, “அப்ப அம்மாவோடை இஞ்சை நிக்கேல்லையோ?” “நிக்கிறன் அம்மா.” “ரெண்டுக்கும் ஓம் எண்டால் எப்பிடிப் பிள்ளை, ஒண்டைச் சொல்லு,” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில், மூன்று நாளில் முதல் தடவையாக இருவருக்கும் ஒரே வசனம், ஆரணி கரண்டியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகை நக்கினாள், “கை ஒட்டுது, கழுவிக்கொண்டு வாறன்,” என்று தம்பியையும் இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

லேஞ்சியை எடுத்துக்கொண்டு பத்மாசினி பின்னால் போனாள், கை துடைக்க என்றுதான் போனாள், தனியாக ஒருக்காக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் இருந்ததோ, இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது, மச்சாள் இல்லாத இடத்தில் பிள்ளை உண்மையைச் சொல்லும் என்று… தண்ணீர்ப் பீப்பா ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது, ஜெனரேற்றர் அந்த நேரம் பார்த்து இருமி நின்றது, அந்த அமைதியில் சேந்தனின் குரல், “அக்கா, நீ போகப்போறியோ?” “தெரியாது.” “அப்ப ஏன் ஓம் எண்டனீ?” தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பிறகு ஆரணி, ரீச்சர் மாதிரி, “ஆர் கேட்டாலும் ஓம் எண்டு சொல்லவேணும். இல்லையெண்டால் கேட்ட ஆள் அழும். மாமி அழுதால் மூக்குச் சிவக்கும், அம்மா அழுதால் சோறு தின்னமாட்டா, பேந்து அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிடுவார். உன்னைக் கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு.” “ஓம்.” “விசரா, இப்பயில்லை, அவையள் கேக்கேக்கை.” “ஓம்.” லேஞ்சி பத்மாசினியின் கையில் கயிறாக முறுகியிருந்தது. எவ்வளவு நாளாக? இந்த மூன்று நாளா, அதற்கு முந்தியுமா, பங்கருக்குள் பயமாயிருக்கோ பிள்ளை என்று கேட்கும்போதெல்லாம், இல்லையம்மா, என்று சொல்வாளே, அதுவும் இந்தக் கணக்கா… மலையில் ஏறிக் கையை விரித்தது மெய்தான், அது மெய், மணிக்கூடும் மெய், விளக்கை ஊதியதும் மெய், அதெல்லாம் யாரும் கேட்காமல் அவளாகச் சொன்னது, அவளாகச் செய்தது, கேட்டதற்குச் சொன்னதுதான்… தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் தொண்டையைச் செருமினாள், “கழுவியாச்சோ?” “ஓம் அம்மா,” இரண்டு குரல்கள் ஒன்றாக.

கந்தோருக்கு நடந்துதான் போனார்கள், பத்து நிமிச நடை, வெயில் சாய்ந்திருந்தது, படிவம் இப்போது மச்சாளின் கையில் சுருளாக, பேனை பத்மாசினியிடம், எப்போது அது தன் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. தெருவில் சனம், இவ்வளவு சனத்தைப் பட்டணத்தில் கண்டு எவ்வளவு காலம், ஒருவன் சைக்கிளின் பின்னால் கட்டில் கட்டிக்கொண்டு போகிறான், கட்டிலுக்கு மேல் ஒரு மெத்தை, யாருக்கோ கல்யாணம், ஒரு கடை வாசலில் புதுச் சுண்ணாம்பு மணக்கிறது, கடைக்காரன் யன்னலுக்குக் கண்ணாடிகூடப் போடுகிறான், கண்ணாடி, அதைப் போடத் துணிந்தவன் எதை நம்புகிறான்? அவனுக்கு யாரும் எழுதிக் கொடுத்தார்களா, அவனாகவே யோசித்து, சரி, போடுவம் என்று போடுகிறான், பிழைத்தால் அவனுடைய பிழை, கண்ணாடியைக் கேட்டுவிட்டா போடுகிறான்… இதில் சிரிக்க என்ன இருக்கிறது, ஆனால் சிரிப்பு வந்தது. அனுப்பினால் எப்படியிருக்கும் என்று முதல் தடவையாக நிதானமாக நினைத்துப் பார்த்தாள், மச்சாளின் வீட்டில் விளக்கின் கீழே ஆரணி படிக்கிறாள், சரி, அனுப்பாவிட்டால், கூரை போட்ட பள்ளிக்கூடத்தில் ஆரணி படிக்கிறாள், சரி, இரண்டிலும் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், சிரிக்கிறாள், எதையோ திருத்த வழி கண்டுபிடிக்கிறாள், இரண்டிலும் ஒரு தாய் அழுகிறாள், அழட்டும், அழுதால் மூன்று நாள் சோறு இறங்காது, நாலாம் நாள் இறங்கும்… பயம் குறையவில்லை, ஆனால் அது பிள்ளையின் தோளிலிருந்து தன் தோளுக்கு மாறி வந்திருந்தது, பாரமாக, இடத்துக்குப் பொருந்தி. வரிசை நீளமில்லை, மூன்று பேர், இரண்டு பேர், சுவரில் மூன்றரை மணி, உள்ளே ஒரு பெடியன் முத்திரையைக் குத்துகிற சத்தம், மச்சாள் சுருளை விரித்தார், விரித்துவிட்டு, மூக்கு நுனி மறுபடி சிவக்க, முழங்கால் நோவையும் பாராமல் ஆரணியின் முன்னால் குனிந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார், “கடைசியா ஒருக்காச் சொல்லு குஞ்சு, மாமி கோவிக்கமாட்டன், அம்மாவும் கோவிக்கமாட்டா, உனக்கு…” ஆரணி மாமியின் மூக்கைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், வாய் ஓம் என்று சொல்லத் திறந்துவிட்டது, பத்மாசினி பிள்ளைக்கும் மச்சாளுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“அவளைக் கேக்கிறதை விடுங்கோ மச்சாள். என்னைக் கேளுங்கோ.”